நீலமாகிப் போன கோய் பெட்டா

ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த வளர்ப்பு மீன் கடையில் பதினெட்டு வருடம் வேலை செய்தேன். பெட்டா எனும் சண்டை மீன்கள் என் பொறுப்பு. அவற்றில் கோய் ரகம்தான் சீக்கிரம் விற்கும். வெள்ளை உடம்பில் சிவப்பும் கருப்பும் திட்டுத்திட்டாக இருக்கும்.

ஒரு மதியம் பெரியவர் ஒருவர் போத்தலைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உள்ளே கருநீலத்தில் ஒரு பெட்டா. அவருக்குப் பின்னால் மருமகள் கண் சிவந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரம்மா உங்ககிட்ட வாங்குனது வெள்ளை மீனு. அவங்க தவறிப்போயி நாலு மாசமாச்சு. நான் பட்டர்வொர்த்துல தங்கச்சி வீட்டுல ரெண்டு மாசம் இருந்துட்டு வந்து பாத்தா, இது இருக்கு. அது செத்துப்போச்சு. இவ வேற வாங்கிப் போட்டுட்டு மறைக்கிறா."

"அதே மீனுதான்க்கா," என்றாள் அவள். "கொஞ்சங்கொஞ்சமா மாறுச்சு. சொன்னா நம்ப மாட்றாரு. மூணு வாரமா எங்கூடப் பேசல."

கோய் பெட்டாவின் நிறம் நிலைக்காது. அது நோயல்ல, வளர்ப்பில் குறையுமல்ல, பிறவிக் குணம். சொன்னால் வாங்க யோசிப்பார்கள் என்று முதலாளி சொல்ல விடமாட்டார். அந்த அம்மாவிடமும் நான் சொல்லவில்லை.

அந்த மீன் மட்டும் எனக்கு மறக்காது. அதன் இடப்பக்க அடித்துடுப்பு பிறவியிலேயே பாதிதான். "இத யாரும் எடுக்க மாட்டாங்க, எனக்குக் குடு," என்று கேட்டு வாங்கிப் போனார் அந்த அம்மா. போத்தலில் டார்ச் அடித்து அந்தத் துடுப்பைக் காட்டினேன். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். அதே பாதித் துடுப்பு.

"கலர் மாறும்னு அன்னிக்கே நான் சொல்லிருக்கணும் அங்கள். என் தப்பு லா."

அவர் என்னைத் திட்டவில்லை. மருமகள் பக்கம் திரும்பினார்.

"தண்ணி எப்படி மாத்துன?"

"வாரம் ஒருதடவ, பாதிதான் மாமா. பைப் தண்ணிய ஒரு நாள் புடிச்சு வெச்சு ஊத்துவேன். அத்தை அப்படித்தான் செய்வாங்க."

அவர் போத்தலை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"நீயே புடிம்மா. உன் அத்தை மாதிரியே பாத்திருக்க."

விற்கிறவள் பொருளின் குணத்தையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அதன்பிறகு கோய் கேட்டவர்களிடம் நிறம் மாறும் என்பதைத்தான் முதலில் சொன்னேன். சிலர் திருப்பி வைத்துவிட்டுப் போனார்கள், முதலாளி முணுமுணுத்தார். வாங்கியவர்களோ, மீன் மாற மாறப் படமெடுத்து எனக்கு அனுப்பினார்கள்.