சாலமன் செய்த இரண்டாவது படகு

“...மேல் தகடு கோயமுத்தூர்ல இருக்குது, வந்துரும் வந்துரும்னே அப்பா சொல்லிட்டு இருந்தாருங்க மாமா. அது உங்ககிட்டத்தான இருக்கோணும்? அதான் படகை இங்கயே தூக்கிட்டு வந்துட்டேன்” என்றாள் எஸ்தர்.

போன ஞாயிற்றுக்கிழமை அது. பெருந்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். மடியில் ஒரு மீட்டர் நீளத்துக்குப் பழைய போர்வை சுற்றிய ஒன்றை, தூங்குகிற பிள்ளையை வைத்திருப்பதுபோல வைத்திருந்தாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தபோது ஏழு வயது, முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. இப்போது ஒரு மருந்துக் கடையில் வேலையாம். அவள் அப்பா சாலமன் ஐப்பசியில் இறந்துபோனார். எனக்குச் செய்தி வந்தது அடக்கம் முடிந்து நாலு நாள் கழித்துத்தான். முன்னாலேயே வந்திருந்தால் போயிருப்பீர்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.

போர்வையைப் பிரித்ததும் வஜ்ரப் பசை வாசனை வந்தது. வஜ்ரம் என்பது ஆசாரிமார் கட்டிகட்டியாக வாங்கித் தகர டப்பாவில் காய்ச்சுவார்களே, அந்தப் பசை. தோலையும் எலும்பையும் வேகவைத்து எடுப்பதால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது சாலமனுடைய சட்டை வாசனை. அவர் டீக்கடைக்குள் நுழைவதைத் திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிடுவேன். ஒரே ஒரு தடவை மட்டும் அந்த மூக்கு வேலை செய்யாமல் போனது. அதற்கு வருகிறேன்.

நான் டர்னர், லேத்தில் இரும்பைக் கடைகிறவன். அவர் பேட்டர்ன் செய்கிறவர். கணபதியில் ஒரு பம்புக் கம்பெனியில் இருவரும் பன்னிரண்டு வருடம் சேர்ந்து வேலை பார்த்தோம். பம்பின் உடலை இரும்பில் வார்ப்பதற்கு முன்னால் அதே உருவத்தை மரத்தில் செய்து மண்ணில் பதிக்க வேண்டும். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். சாலமன் செய்த பேட்டர்ன் அளவு தப்பித் திரும்பி வந்ததாக வரலாறே கிடையாது. “மரத்துக்குப் பொய் சொல்லத் தெரியாதுங்க டர்னர். அளந்தவன் சொன்ன பொய்யத்தான் அது திருப்பிச் சொல்லும்” என்பார். அவர் சொல்வதையெல்லாம் நான் மறுநாள் என் சொந்தச் சரக்கு மாதிரி நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருப்பேன். எனக்கு வாய் அப்படி. காதில் விழுந்த நல்ல வார்த்தையை ஒரு ராத்திரி வயிற்றில் வைத்திருக்கத் தெரியாது.

ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துவிட்டால் பம்புசெட்டுக்கு ஆர்டர் குறைந்துவிடும். கிணறு தளும்பிக் கிடக்கும்போது எவர் மோட்டார் வாங்குவார்? தை பிறக்கும் வரை வாரத்தில் மூன்று நாள்தான் வேலை இருக்கும். அப்படி ஒரு பனிக்காலத்தில், காதோடு மப்ளரைக் கட்டிக்கொண்டு இருவரும் உக்கடத்தில் ஒரு பழைய புத்தகக் கடையைக் குடைந்துகொண்டிருந்தோம். அட்டை கிழிந்த ஓர் இங்கிலீஷ் பத்திரிகை அவர் கைக்கு வந்தது. உள்ளே ஒரு படகின் படமும் முழு அளவு வரைபடமும். புகைபோக்கி ஒல்லியாக உயர்ந்திருந்தது. இரண்டு விலாவிலும் தண்ணீரைத் தள்ளுகிற துடுப்புச் சக்கரங்கள். இழுவைப் படகு என்று படம் பார்த்தே கண்டுபிடித்தோம், அது தன்னைப்போல் இருபது மடங்கு கப்பலைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போனது.

“சின்னது பெருசை இழுத்துட்டுப் போகுது பாருங்க” என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார் சாலமன். இரண்டு பேருமே கடலை ஒரு தடவை பார்த்தவர்கள்தாம். அவர் வேளாங்கண்ணியில், நான் ராமேஸ்வரத்தில். அதுவும் முழங்கால் வரைக்கும்.

அதே மாதிரி ஒன்றை நாங்களே செய்வதென்று முடிவானது. மரத்தொட்டி போன்ற அடிப்பகுதி அவருடைய பொறுப்பு. மேல்தளத் தகடு, சக்கரங்கள், அதை ஓட்டும் மோட்டார் எல்லாம் என் பொறுப்பு. கம்பியில்லாமல் கரையில் நின்று ஓட்ட வேண்டுமே, அதற்கு எஸ்தர் உதவினாள். துபாயிலிருந்து அவள் தாய்மாமன் ரிமோட்டில் ஓடும் பீரங்கி வண்டி ஒன்று அனுப்பியிருந்தார். பெண் பிள்ளை கேட்டது அடுப்பும் சட்டியும். மூலையில் தூக்கிப் போட்டிருந்தாள். அந்த ரிமோட்டில் இரண்டு குச்சிகள், குச்சிக்கு ஒரு பக்கத்துச் சக்கரம். ஒன்றை முன்னே தள்ளி மற்றதைப் பின்னே இழுத்தால் வண்டி நின்ற இடத்திலேயே தட்டாமாலை சுற்றும். இழுவைப் படகுக்கென்றே செய்த மாதிரி இருந்தது.

“குடுக்கறனுங்க மாமா. ஆனா மொத மொதல்ல நாந்தான் ஓட்டுவேன்” என்றாள். பல்லில்லாத வாயால் அவள் போட்ட ஒப்பந்தத்துக்கு இருவரும் தலையாட்டினோம்.

என் வீட்டுக்காரி அந்த இரண்டு மாதமும் என்னைச் சும்மா விடவில்லை. “ஊட்ல ஒரு வாளி ஒழுகுது, அதை அடைக்க நேரமில்ல. கப்பல் கட்டறாராம்” என்று சுவருக்குச் சொல்வாள். நான் எண்ணெய் டின்னை வெட்டி எட்டெட்டு பலகைகளாகச் சக்கரத்தில் ஈயம் பற்றவைத்துக்கொண்டிருப்பேன். சக்கரத்தை ஓட்டிப் பார்க்கக் குளியலறைத் தொட்டிதான் கடல். ஒரு நாள் தண்ணீர் தெறித்து அவளுடைய துவைத்த சேலை முழுக்க எண்ணெய். அன்றைக்கு எனக்குக் கிடைத்த வார்த்தைகளை இங்கே எழுதினால் அச்சுக்காரர் நீக்கிவிடுவார்.

எனக்கு அது விளையாட்டுதான். சாலமனுக்கு விளையாட்டில்லை என்று பாதி வேலையில்தான் தெரிந்தது. மஞ்சக்கடம்புக் கட்டையை உளியால் குடைந்துகொண்டே, தலை நிமிராமல் சொன்னார். பல்லடத்துப் பக்கம் ஒரு தோட்டத்தில் அவர் அப்பா பண்ணையாளாக இருந்தவர். கிணற்று மேட்டில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி உண்டு. மோட்டார் போட்டால் தண்ணீர் அதில் விழுந்து வாய்க்காலுக்குப் போகும். அந்தத் தொட்டியில் இவர்கள் கை வைக்கக் கூடாது, வாய்க்காலுக்கு வந்தபிறகு குடித்துக்கொள்ளலாம். இப்போது அந்தத் தோட்டக்காரர் வீட்டுப் பையன் கோழிப்பண்ணை வைத்திருக்கிறான், நல்ல மாதிரி. தொட்டியில் படகு விடலாமா என்று இவர் கேட்டதும் தாராளமாக வாருங்கள் என்றிருக்கிறான்.

“அப்பக் கை வெக்கக் கூடாதுங்க டர்னர். இப்பக் கப்பலே உடலாங்கறாங்க” என்றார் சாலமன். “எங்கப்பனைக் கூட்டிட்டுப் போயித் தொட்டி மேல உக்கார வெக்கோணும். அவருக்கு மூச்சு இளைக்குது. தையி தாண்டறது சந்தேகம்.”

மார்கழிக் கடைசியில் ஒரு மத்தியானம், அவர் வீட்டில் இரண்டையும் சேர்த்தோம். என் தகட்டை நான் தூக்கி அவருடைய படகின் மேல் வைத்தேன். அது விளிம்பில் உட்காரவில்லை. டப்பாவை விடச் சின்ன மூடி மாதிரி உள்ளே இறங்கிவிட்டது. பின்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி. எங்கள் தொழிலில் ஒரு விரல் என்பது ஒரு ஊர் தூரம்.

நான் என் டேப்பை எடுத்தேன். தகடு வரைபடத்தில் உள்ளபடி ஒரு மீட்டர், அச்சு அசலாக இருந்தது. படகு ஒரு மீட்டரும் ஒரு சென்டிமீட்டரும். சாலமன் தன் எஃகு ஸ்கேலை எடுத்து என் டேப்போடு சேர்த்து வைத்தார். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. உருக்கி ஊற்றிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அந்தச் சுருக்கத்துக்கும் சேர்த்துப் பேட்டர்னைக் கொஞ்சம் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்றே அவர்களிடம் தனி ஸ்கேல் இருக்கும், அதன் ஒரு மீட்டரே நிஜ மீட்டரைவிட ஒரு சென்டிமீட்டர் நீளம். இருபது வருடப் பழக்கத்தில் கை அதைத்தான் எடுத்திருக்கிறது.

“வார்ப்புக்கு அளந்துபோட்டனுங்க டர்னர்” என்றார். பிறகு சிரித்தார். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தோம். துடைத்துக்கொண்டே சொன்னார்: “யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. பதனஞ்சு நாள் குடுங்க, இன்னொண்ணு செஞ்சுர்றேன்.”

சரிங்க என்றுதான் சொன்னேன்.

எத்தனை நாள் தாங்கினேன் என்று நினைக்கிறீர்கள்? மூன்று நாள். நாலாம் நாள் காலையில் கம்பெனிக்கு எதிர் டீக்கடையில் ஏழெட்டுப் பேர் இருந்தோம். பேச்சு எதையெதையோ தொட்டு அளவுக்கு வந்தது. நான் ஆரம்பித்துவிட்டேன். சாலமன் மாதிரியே ஸ்கேலை எடுத்துக் காட்டினேன், அவர் மாதிரியே முழித்தேன். “படகும் ஆறுனாச் சுருங்கும்னு நெனச்சுப்போட்டாருங்க நம்ம சாலமன்” என்று முடித்தபோது கடையே குலுங்கியது. எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் பெஞ்சின் கோடியில் இருந்த, மண்ணில் அச்சுப் பிடிக்கும் ஒரு மோல்டர் எடுத்துக்கொடுத்தான்: “மம்பட்டி புடிச்ச கையி. ஸ்கேலு புடிச்சா அப்படித்தானுங்க இருக்கும்.”

அதற்கும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பினால் சாலமன் நின்றுகொண்டிருந்தார். கையில் பாதி டீ. எங்கள் ஊரில் சண்டை பிடித்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் பிடிப்போம். அவர் சண்டைகூடப் பிடிக்கவில்லை. கிளாஸை அலுங்காமல் பலகையில் வைத்தார். “வாரனுங்க டர்னர்” என்றார். சாலையைக் கடந்து கம்பெனிக்குள் போனார்.

ஒரு வாரத்தில் அந்தக் கதை எனக்கு முன்னாலேயே கணபதி, பீளமேடு என்று பவுண்டரி பவுண்டரியாகப் போய்விட்டது. ‘சுருக்கம் வாராரு’ என்று அவர் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். ஒரு நாள் நானே வேறொருவர் வாயிலிருந்து அதைக் கேட்டேன். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார் அந்த மனிதர். மாசியில் சாலமன் பெருந்துறையில் ஒரு பவுண்டரிக்கு மாறிக் குடும்பத்தோடு போய்விட்டார். அவர் அப்பா அந்த வருடம் தையைத் தாண்டினார், பங்குனியைத் தாண்டவில்லை. தொட்டியில் எதுவும் மிதக்கவில்லை.

போய் மன்னிப்புக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். ஒரு தடவை பெருந்துறைத் தொழிற்பேட்டை கேட் வரைக்கும் போனேன். காவலாளி யாரைப் பார்க்க வேண்டும் என்றார். தப்பான கம்பெனிக்கு வந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். ஏழெட்டு வருடம் கழித்து பஸ் நிலையத்தில் எதிரெதிரே நின்றோம். அவர் தலையசைத்தார். நானும் அசைத்தேன். நடுவில் ஒரு பஸ் வந்து நின்றது, அது நகர்ந்தபோது அங்கே யாரும் இல்லை. ஊர் முழுக்கப் பேசிய வாய்க்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வரவே இல்லை.

இப்போது அந்தக் கம்பெனி இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். டீக்கடைமேல் பாலம் போகிறது. பல்லடத்துத் தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தொட்டியை இடித்துவிட்டார்கள் என்று கேள்வி. எஸ்தர் தேடி வந்த தகட்டின் கதை இதையெல்லாம்விடக் கேவலம். இரண்டு வருடம் அதைப் பரண்மேல் வைத்திருந்தேன். பிறகு அரிசி மூட்டை வைத்த அறைக் கதவை எலி கடித்துவிட்டது. கைக்கு அகப்பட்ட தகடு அதுதான். மோட்டாரையும் சக்கரத்தையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, சதுரமாக வெட்டிக் கதவின் அடியில் ஆணி அடித்தேன். சாலையை அகலப்படுத்தினபோது வீட்டோடு கதவும் போனது.

எஸ்தர் கொண்டுவந்த படகை என் டேப்பால் அளந்தேன். கை தானாகப் போயிற்று. ஒரு மீட்டர், ஒரு நூல் கூடவில்லை, குறையவில்லை. பதினைந்து நாள் கேட்டாரே, அந்த இரண்டாவது படகு. உள்புறம்கூடக் கண்ணாடி மாதிரி இழைத்திருந்தது.

“கிறிஸ்துமஸ் லீவு வந்தா எடுத்துருவாருங்க. மணல் தாள் போடுவாரு, வார்னீஷ் அடிப்பாரு, திருப்பி மேல வெச்சுருவாரு” என்றாள் எஸ்தர். “ஏனுங்க மாமா, நீங்க ரெண்டு பேரும் எதுக்குப் பேசாமப் போயிட்டீங்க? நானும் அம்மாவும் எத்தனையோ தடவை கேட்டோம். ‘டர்னர் நல்ல மனுசன்’னுட்டு எந்திரிச்சுப் போயிருவாரு.”

என் வீட்டுக்காரி சமையலறை வாசலில் வந்து நின்று என்னையே பார்த்தாள். அளவில் ஒரு சின்னத் தகராறு கண்ணு என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதுவும் ஒரு வகையில் உண்மைதானே. சாலமன் மூடி வைத்ததை நானும் மூடி வைத்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண் இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள்.

சொன்னேன். தகடு இல்லை என்பதில் ஆரம்பித்து, ஸ்கேல், அவர் சொல்லாதே என்றது, நான் நடித்துக் காட்டியது, மண்வெட்டி என்று அந்த ஆள் சொன்னது வரைக்கும். ஒரு கதையை இத்தனை மோசமாக நான் சொன்னதே இல்லை. அவள் படகின் விளிம்பில் கட்டைவிரலை வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாள்.

“அந்த ஆளு அப்படிச் சொன்னப்ப, நீங்க என்னங்க மாமா பண்ணுனீங்க?”

“சிரிச்சேன் கண்ணு.”

அவள் போர்வையை எடுத்துப் படகின் மேல் போட்டு, நாலு முனையையும் அடியில் செருகினாள். படகைத் தோளில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். வாசலில் செருப்பை மாட்டும்போது படகு ஒரு பக்கமாகச் சரிந்தது. பிடித்துக்கொள்ளலாம் என்று நான் கையை நீட்டினேன். அவள் படகை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஒற்றைக் கையால் கேட்டைத் திறந்து, பஸ் நிற்கும் இடத்தைப் பார்த்து நடந்தாள்.