பாகல் பந்தலில் விடியற்கால மருந்து

பாகல் பூவின் லேசான இனிப்பு மணமும் பூச்சிமருந்தின் கமறும் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறிய அந்த விடியற்காலையை நினைத்தால், இன்றும் எனக்குப் பெரியப்பா மேல் ஆத்திரம்தான் வருகிறது. வெண்ணந்தூருக்குப் பக்கத்தில் எங்கள் கூட்டுக் குடும்பத்துக்கு ஒரு பாகல் பந்தல் இருந்தது. அதில் பாடு முழுவதும் அம்மாவுடையது, அதிகாரம் முழுவதும் பெரியப்பாவுடையது. எங்கள் மண்சுவரின் பொந்தில் குடியிருந்த, கொட்டத் தெரியாத, எறும்பளவே உள்ள 'கொசுத்தேனீ'கள் பொழுது கிளம்பியதும் அந்தப் பந்தலுக்குத்தான் போகும். பள்ளிக்குப் புறப்படும்வரை அவற்றின் மெழுகு வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

"காத்து கெளம்பறதுக்குள்ள அடிச்சுப்போடோணும்" என்பது பெரியப்பாவின் சட்டம். பூ விரிவதும் தேனீ வருவதும் அதே நேரம்தான்.

"ஏனுங்க, சாயங்காலமா அடிச்சா ஆவாதுங்களா? ஈயெல்லாம் செத்துப்போயிருமுங்க" என்றாள் அம்மா.

"ஈயா வந்து வெள்ளாமை பண்ணிக் குடுக்குது? நீ ஊட்டு வேலையப் பாரு அம்மிணி" என்றார் பெரியப்பா. அப்பா வழக்கம்போல் எழுந்து மருந்து கலக்கப் போனார்.

பந்தலுக்கடியில் தேனீக்கள் கருப்பாகச் சிதறிக் கிடந்தன. சில நாட்களில் சுவர்ப் பொந்தில் கட்டெறும்பு புகுந்தது. விரல் நீளப் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிர்ந்தபோது பெரியப்பா விதைக்கடைக்காரரைத் திட்டினார், அடுத்த காட்டுக்காரரின் கண்ணைத் திட்டினார், கடைசியில் அம்மாவின் கைராசியைத் திட்டினார். அம்மா தினமும் விடிய எழுந்து, தேனீக்குப் பதிலாகத் தானே ஆண்பூவைப் பறித்துப் பெண்பூவில் ஒவ்வொன்றாகத் தொட்டுவைத்தாள். கழுத்து நோக நானும் கூடவே அண்ணாந்து நின்றேன். காய் பிடித்தது. "மருந்து கேட்டுருச்சு பாத்தீங்களா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டார் அந்த மனிதர். அவ்வளவு வெட்கங்கெட்ட பேச்சை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

இப்போது அந்தச் சுவரும் இல்லை, கொசுத்தேனீயும் இல்லை. பூவில் வந்து உட்கார ஒரு வண்டுகூட அந்தப் பக்கம் கிடையாது. ராசிபுரத்தில் நான் தேனீ வளர்ப்பதைக் கேள்விப்பட்டுப் பெரியப்பா போன வாரம் போன் செய்தார்.

"பிஞ்செல்லாம் உளுகுது சாமி. ரெண்டு பொட்டி கொண்டாந்து வெய்யி."

"மருந்தைச் சாயங்காலத்துக்கு மாத்துங்க, கொண்டாறேன்."

"உன்ர ஈயைக் கேட்டுட்டா நான் மருந்தடிக்கோணும்?"

பெட்டி தர முடியாது என்று சொல்லிப் போனை வைத்தேன். பக்கத்தில் இருந்த அம்மா, எனக்கு நினைவு தெரிந்து முதல்முறையாக, அவர் பெயரைச் சொல்லித் திட்டினாள்.