வெறுங்கால் சோதனை

எங்கள் ஊர் ஸ்டேடியத்தின் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதரை நான் இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். ஒல்லியான ஆள், பாதங்கள் மட்டும் உடம்புக்குப் பொருந்தாத அகலம்.

கொரோனாவின்போது காய்கறிச் சந்தை நடந்த அந்த மைதானத்தில், நான் அவரை முதலில் பார்த்த அன்றுதான் ஒரு பொருட்காட்சி முடிந்திருந்தது. மறுநாள் பள்ளிகளுக்கான ஓட்டப்பந்தயம். பந்தல்காரர்கள் விட்டுப்போன ஆணிகளை அவர் வெறுங்காலால் தடவித் தடவித் தேடிக்கொண்டிருந்தார்.

“செருப்புப் போட்டுக்கலாமில்லீங்க?” என்றேன்.

“போட்டா ஆணி தட்டுப்படாதுங்க அம்மிணி. நாளைக்கு ஓடுற குழந்தைங்க பாதிப்பேரு வெறுங்காலுங்க.”

என் மகளும் அவர்களில் ஒருத்தி. நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால், கடைசித் துண்டு கிடைக்கும்வரை அந்த மெஷினை ஓட்ட விடமாட்டார்கள். பிறகு ஒவ்வொரு சட்டையும் ஊசியைக் கண்டுபிடிக்கும் மெஷினுக்குள் போய்வர வேண்டும். வெளிநாட்டில் அதைப் போடும் குழந்தைக்குக் குத்திவிடக் கூடாதாம். இதை அவரிடம் கொஞ்சம் எரிச்சலோடுதான் சொன்னேன்.

“நல்லதுதானுங்களே! அதுங்களும் குழந்தைங்கதானுங்க” என்றார், தரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மறுநாள் பந்தயம் முடிந்து மகளோடு வெளியே வந்தபோது, கேட்டருகே அவர் நின்றிருந்தார். இடது பாதத்தில் பனியன் வேஸ்ட் துணி சுற்றியிருந்தது. கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

“கண்ணு ஓட்டத்துல எத்தனாவதுங்க?”