அம்மா ஒட்டிய தீபாவளிப் பக்கம்

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்நாளில், இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினர்க்கும், தோட்டத்து மக்களுக்கும், பத்து பாகாட் ஊர் நண்பர்களுக்கும் மகள் வணக்கத்துடன் எழுதுவது. அம்மாவுக்குத் தம் அருகில் யாரும் அழுதுகொண்டு உட்காரக் கூடாது. அழுகிறவர் கையில் முறத்தையோ துடைப்பத்தையோ கொடுத்துவிடுவார். அதனால் அழுகையை ஒதுக்கி வைத்துவிட்டு, அவர் வாழ்ந்து ஜெயித்த கதையை எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன்.

அம்மா தஞ்சை ஜில்லாவில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். மணமான அடுத்த ஆண்டே அப்பாவுடன் நாகப்பட்டினத்தில் கப்பலேறி, மலாயாவின் ஜொகூரில் சிம்பாங் ரெங்கத்துக்கு அருகே காடு வெட்டி ரப்பர் நட்டுக்கொண்டிருந்த தோட்டம் ஒன்றுக்கு வந்து சேர்ந்தார். அந்நாளில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடும். காட்டில் புலி இருந்தது. ஆனால் புலியைவிடக் கொசுதான் அதிகம் பேரைக் கொண்டுபோயிற்று. அண்ணனுக்குப் பின்னும் எனக்கு முன்னும் பிறந்த இரண்டு குழந்தைகளைக் குளிர்காய்ச்சல் அடுத்தடுத்து வாரிக்கொண்டது. அம்மா காரியம் முடிந்ததும் வாளியைத் தூக்கிக்கொண்டு, ரப்பர்ப் பால் இறக்க மரம் வெட்டப் போனார்.

அந்தத் துயரத்தைப் பற்றி அவர் என்னிடம் பேசியது ஒரே ஒரு முறை.

“ஒருநாளு மரம் வெட்டிக்கிட்டு இருக்கறப்ப சின்னவ மொகத்த நெனச்சிப் பாத்தேன். மூக்கு வருது, நெத்தி வருது, கண்ணு வரல. எவ்வளவு நெனச்சும் வரல. கத்தியக் கீழ வச்சிட்டு மரத்தடியில உக்காந்துட்டேன். பெத்தவளுக்கே மொகம் மறந்துபோச்சின்னா, அதுக்கு வேற யாரு இருக்கா?”

சில ஆண்டுகளுக்குப் பின் அம்மாவுக்குத் துரையின் பங்களாவில் பிள்ளை பார்க்கும் ஆயா வேலை கிடைத்தது. ஒரு கிறிஸ்துமஸ் சமயம், துரையின் மனைவியான துரைசாணி மேசை நிறையப் படங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு, கறுப்புத் தாளில் ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். படங்களைச் சுற்றிச் சிவப்பு நாடா; பச்சை இலை வெட்டிய காகிதம்; ஓரத்தில் மணி, நட்சத்திரம். நடுவே வெள்ளைத் தலையோடு ஒரு கிழவரும் கிழவியும் இருந்தார்கள். அம்மா யாரென்று கேட்டார். தோட்டத்துத் தமிழ் கொஞ்சம் பேசுகிற அந்த அம்மாள், “என் அம்மா, அப்பா. ரொம்ப தூரம். இங்கே பக்கம்” என்று தாளைத் தொட்டுக் காட்டினாராம். துரை குடும்பம் சீமைக்குத் திரும்பியபோது, இன்னும் எதுவும் ஒட்டாத கறுப்புத் தாள்கள் கொண்ட ஆல்பம் ஒன்றை அவர் அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அம்மா அதைத் தம் கல்யாணச் சேலையில் சுற்றித் தகரப் பெட்டியில் வைத்தார்.

அது நெடுங்காலம் பெட்டியிலேயே கிடந்தது. ஒட்டுவதற்குப் படம் வேண்டுமே! படம் பிடித்தால் ஆயுள் குறையும் என்று லயத்தில் எல்லோரும் நம்பினார்கள். அப்பாவும் நம்பினார். ஒருநாள் அம்மா அவரிடம் நேருக்கு நேராகக் கேட்டார்: “படமே புடிக்காத என் புள்ளைங்க ரெண்டும் இப்ப எங்கேங்க இருக்கு?” என் திருமணத்தன்று படம் பிடிக்க அப்பா தடை சொல்லாததற்கு அந்தக் கேள்விதான் காரணம் என்று நினைக்கிறேன். ஆனாலும் தாம் மட்டும் படத்தில் நிற்காமல் பந்தல் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு காற்று வீசியிருந்தது. அண்ணன் லோரி ஓட்டக் கற்றுக்கொள்ளப் பத்து பாகாட்டுக்குப் போனவர், அங்கே தையற்கடை வைத்திருந்த ஒரு கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பத்தின் மகளை விரும்பி, தேவாலயத்தில் மணம் முடித்துக்கொண்டார். அப்பா தோட்டத்து மாரியம்மன் கோயிலின் தலைவர். தீமிதிக்கு முதல் ஆளாக இறங்குகிறவர். “அவன் பேரு இனிமே இந்த வீட்டுல கேக்கக் கூடாது” என்று சொன்னவர், அந்தச் சொல்லைக் காத்தார். அண்ணனுக்கு மகன் பிறந்த செய்தி வந்தபோதும் எழுந்து கோயிலுக்குப் போய்விட்டார்.

நான் மணமாகிச் சிம்பாங் ரெங்கத்தில் இருந்தேன். தீபாவளிக்கு மாவு இடிக்க அம்மா வீட்டுக்குப் போன ஓர் ஆண்டு, பெட்டியைத் திறந்து ஆல்பத்தை என் மடியில் வைத்தார்.

“இந்தத் தீவாளிக்கு நம்ம குடும்பத்த ஒரே தாள்ல உக்கார வைக்கப் போறேன்.”

“தாளு கறுப்பா இருக்கேம்மா, பண்டிகைக்கு நல்லாவா இருக்கும்?”

“தீவாளி அமாவாசையிலதானடி வருது? வெளக்கு ஏத்துனா சரியாப்போவும்.”

அரிசிக் கஞ்சியில், பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் துளி போட்டுப் பசை காய்ச்சினார். சீனப் பட்டாசுக் கட்டுகளைச் சுற்றிவந்த சிவப்புத் தாளை நீவி எடுத்துப் பூவிதழாக வெட்டினார். தேயிலைப் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாளில் அகல் விளக்குகள் வெட்டினார். ஈர்க்குச்சியைச் சுண்ணாம்பில் தொட்டுத் தாளின் நாலு ஓரமும் சிக்குக் கோலம் இழுத்தார். சாணி மெழுகிய முற்றம் போல அந்தக் கறுப்புத் தாள் விடிந்தது.

பிறகு படங்கள். பங்களாப் படியில் துரைசாணி எடுத்த அம்மாவின் படம். என் திருமணப் படம். மூன்றாவதாக முந்தானையிலிருந்து ஒன்றை எடுத்தார். தேவாலய வாசலில் அண்ணனும் அண்ணியும். கூடவே சிறியதாக இன்னொன்று, குழந்தை நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. ரப்பர் ஏற்ற வரும் லோரிக்காரர் மூலம் அண்ணன் அனுப்பியவை. அப்பா பார்த்தால் என்னாவது என்று அவற்றைக் கீழ் மூலையில் வைத்தேன்.

“மூத்த மவன யாராவது மூலையில உக்கார வைப்பாங்களா?” என்று அம்மா எடுத்து நடுவுக்குப் பக்கத்தில் வைத்தார். மேலே இரண்டு ஈய விளக்குகளைத் தனியாக ஒட்டினார். யாருக்கென்று நான் கேட்கவில்லை.

அந்நேரம் அப்பா உள்ளே வந்தார். குனிந்து பார்த்தார்.

“அந்தப் படத்த எடு.”

“எடுக்க மாட்டேங்க.”

“நான் சொல்றேன், எடு.”

“உங்க கோயில்ல யாரு நிக்கணும், யாரு போகணும்னு நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன். இந்தத் தாளு நான் பெத்ததுங்களுக்கு. இதுல யாரையும் வெளிய நிறுத்த மாட்டேன்.”

அப்பாவின் முகம் சிவந்தது. “அப்படின்னா என் படம் இதுல வராது.”

“உங்க இஷ்டம். உங்க எடத்துல வேற யாரையும் வைக்க மாட்டேன். அது காலியாவே இருக்கட்டும்.”

சொன்னபடியே செய்தார். தாளின் நட்ட நடுவே ஓர் இடத்தை விட்டு, சுற்றிலும் சிவப்பு இதழ்களை ஒட்டி, கீழே ஒரு பெரிய விளக்கையும் வைத்தார். அதைவிட அழகான இடம் அந்தப் பக்கத்திலேயே கிடையாது.

தீபாவளியன்று வீட்டு வாசலில் பலகை போட்டு, பலகாரத் தட்டுகளின் நடுவே ஆல்பத்தைத் திறந்து வைத்தார். வந்தவர்கள் எல்லோரும் முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டு தின்ன மறந்து பார்த்தார்கள். பார்த்தவர்கள் கேட்ட கேள்வியும் ஒன்றே.

“நடுவுல யாருக்கா? ஏன் காலியா இருக்கு?” என்றார் கங்காணி வீட்டம்மா.

“அவுரு எடம். அவுரு இன்னும் வரல” என்றார் அம்மா.

அப்பா அங்கேதான், கதவோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மளிகைக்கடைச் சீன முதலாளி, தவுக்கே, பக்கத்தை உற்றுப் பார்த்துவிட்டு, “பாப்பாக் மானா?” என்று மலாயில் கேட்டார், அப்பா எங்கே என்று. அம்மா சிரித்துக்கொண்டே கதவோரத்தைக் கை காட்டினார். தவுக்கே அப்பாவையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிவிட்டு அதிரசம் எடுத்துக்கொண்டார். அப்பா வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

பண்டிகை முடிந்த அடுத்த ஞாயிறு, கோயிலுக்கு மணி வாங்க வேண்டும் என்று சொல்லிக் கோட்டும் தலைப்பாகையுமாக அப்பா பஸ் ஏறினார். பத்து பாகாட்டில் அவர் நேரே போனது படம் பிடிக்கும் கடைக்கு. அங்கே கண்ணாடிப் பெட்டியில், கடைக்காரர் தம் கைத்திறனைக் காட்ட மாட்டிவைத்திருந்த படங்களில் ஒன்றில், நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு குழந்தை நின்றது. எங்கள் வீட்டுத் தாளில் இருந்த அதே குழந்தை. ஆனால் இது ஜன்னல் அளவு பெரிய படம். அப்பாவின் அகன்ற நெற்றியும், ஒரு பக்கம் ஏறிய புருவமும் அப்படியே அதில் இருந்தன. அவர் படம் பிடிக்காமலே வெளியே இறங்கினார்.

மீதியை அண்ணி எனக்குச் சொன்னார். தையற்கடை வாசலில் வந்து நின்ற பெரியவரை அவர் அதற்கு முன் கண்டதில்லை. ஆனால் புருவத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டதாம். ஊசியைத் துணியில் குத்திவிட்டு எழுந்து நின்றார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, “படம் புடிக்கலாம்னு வந்தேன். தனியா நிக்கறதுக்கு ஒரு மாதிரியா இருக்கு. புள்ளையக் கொஞ்சம் குடு” என்றார்.

அண்ணி குழந்தையைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு, “ஒரு நிமிஷம் இருங்க மாமா, நான் நல்ல சேலையாக் கட்டிக்கிட்டு வந்துடறேன்” என்றார்.

எங்கள் அண்ணியின் குணத்துக்கு இந்த ஒரு வாக்கியம் போதும். அப்பா வேண்டாம் என்று சொல்லவில்லை. லோரி நிறுத்தும் இடத்துக்கு ஆள் ஓடியது. அண்ணன் எண்ணெய்க் கறைச் சட்டையோடு மூச்சிரைக்க வந்து, அப்பாவைப் பார்த்து, தெருவிலேயே காலில் விழுந்தார். “எந்திரி, எந்திரி, புள்ள பயப்படுது” என்றாராம் அப்பா. சட்டை மாற்றக்கூட அண்ணனுக்கு நேரம் கொடுக்கவில்லை.

படம் கைக்கு வந்ததும் அப்பா அதை அம்மாவின் முன் வைத்தார். “இந்தா, உன் காலி எடத்துக்கு.”

அம்மா எடுத்துப் பார்த்தார். நாற்காலியில் அப்பா, மடியில் பேரன், பின்னால் மகனும் மருமகளும். பிறகு அதை அந்த இடத்தில் பொருத்திப் பார்த்தார். ஓர் ஆளுக்கென்று விட்ட இடம். நாலு பேர் வந்திருக்கிறார்கள். எப்படித் திருப்பினாலும் இதழ்களையும் விளக்கையும் மீறிப் படம் வெளியே நின்றது. அம்மாவுக்குச் சிரிப்பு பொங்கிவிட்டது. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். “என்னா மனுசன்யா இது! ஒரேயடியா இத்தனை பேரக் கூட்டிக்கிட்டு வந்தா நான் எங்க உக்கார வைப்பேன்?” ஒட்டியதையெல்லாம் ஈரத்துணி வைத்து உரித்து, புதிய தாளில் முதலிலிருந்து தொடங்கினார். இந்த முறை விளக்குகளை வெட்டிக் கொடுத்தவர் அப்பா.

அடுத்த தீபாவளிக்கு அண்ணன் குடும்பம் வீட்டுக்கு வந்தது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸுக்கு அம்மா இன்னொரு பக்கம் ஒட்டினார். “அவ பண்டிகைக்கும் ஒரு தாளு வேணும்ல” என்றார். அதைத் துணியில் சுற்றிப் பத்து பாகாட்டுக்குக் கொண்டுபோனவர் மாரியம்மன் கோயில் தலைவர். யார் என்ன சொல்வார்கள் என்று நாங்கள் பயந்தோம். சொன்னவர்களிடம் அப்பா, “என் மருமவ வீட்டுக்குப் போறேன், ஒனக்கென்னா?” என்றார். பேச்சு அதோடு நின்றது.

லயத்துப் பெண்களுக்கும் ஆசை வந்தது. அம்மா படக்கடைக்காரரைத் தோட்டத்துக்கே வரவழைத்தார். மூன்றுகால் பெட்டியும் கறுப்புத் துணியுமாக அவர் வந்த நாளில், ஆயுள் குறையும் என்று சொன்னவர்களே குளித்துப் பூ வைத்துக்கொண்டு முதலில் வந்து நின்றார்கள். பிறகு ரப்பர் விலை விழுந்தது. வேலையிழந்த குடும்பங்கள் பலவற்றை ஊருக்குக் கப்பலேற்றினார்கள். புறப்பட்ட வீடுகளுக்கெல்லாம் அம்மா ஒரு தாள் ஒட்டிக் கொடுத்தார். போகிறவர்களும் இருக்கிறவர்களும் ஒரே கோலத்துக்குள். “கப்பல்ல பொட்டி தொலஞ்சாலும் இதத் தொலைக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினார்.

சென்ற ஆண்டு கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கியதும், அண்ணியே தோட்டத்துக்கு வந்து அம்மாவைத் தம் வீட்டுக்கு அழைத்துப் போனார். குளிப்பாட்டுவதும் ஊட்டுவதும் அவரே. அப்பா கட்டிலை விட்டு அகலவில்லை. அம்மா வேதனையில் முனகிய நாளும் உண்டு. பேரனிடம் கதை கேட்டுச் சிரித்த நாள் அதிகம். ஒரு காலைப் பொழுதில் அண்ணியின் கையால் கஞ்சி குடித்து, நன்றாயிருக்கிறது என்று சொல்லிக் கண்ணயர்ந்தவர், பிறகு விழிக்கவில்லை. தோட்டத்துக்குக் கொண்டுவந்தோம். தேவாரம் பாடியவர்களுக்குப் பக்கத்தில் ஜெபமாலையோடு நின்றவர்களையும், இரு சாராருக்கும் மோர் ஊற்றிய எங்கள் அப்பாவையும் நீங்கள் அன்று பார்த்தீர்கள்.

சிகிச்சையளித்த டாக்டர் ஐயாவுக்கும், பாடை சுமந்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், உடலைக் கொண்டுவர லோரி தந்து உதவியவர்களுக்கும், தேவாலயத்துச் சகோதரிகளுக்கும், தொலைவிலிருந்து வந்து தோள் கொடுத்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அண்ணிக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார், ஆகவே சொல்லவில்லை.

இம்மலரின் முகப்பில் அம்மாவின் தனிப்படம் இல்லையே என்று சிலர் கேட்டீர்கள். அப்படி ஒன்று பிடிக்க, கடைசி மாதத்தில் அண்ணன் படக்கடைக்காரரைத் தம் வீட்டுக்கே அழைத்து வந்தார். அம்மா தனியாக உட்கார மறுத்துவிட்டு, வீட்டிலுள்ள அத்தனை பேரையும் கூப்பிட்டார். அடுப்படியில் இருந்தவர், கிணற்றடியில் இருந்தவர், துணி தைக்கக் கொடுக்க வந்த அடுத்த வீட்டுப் பெண், எல்லோரும் வந்து நின்றார்கள். ஆகவே முகப்பில் உள்ளது பெருங்கூட்டம். அம்மாவை அறியாதவர்கள் இப்படித் தேடிக்கொள்ளலாம்: மற்ற எல்லோரும் நேரே பார்த்துக்கொண்டிருக்க, யாராவது விட்டுப்போனார்களா என்று கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாரே, அவர்தான் எங்கள் அம்மா.