அக்காவின் இடப்பக்க நடை

ஆபீசில் அவளுக்கு ரப்பர் என்று பெயர். ஒரு கோடு போட்டால் நாலு தடவை அழிப்பாள். வீடியோ கேமுக்கு ஊரே கணினியில் வரைய, காகிதத்தில்தான் வரைவேன் என்று அடம்பிடித்து நின்றவள். அடியில் விளக்கெரியும் கண்ணாடி மேசை, ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு தாள். அவள் மேசைப் பக்கம் போனால் நமக்கே கழுத்து வலிக்கும்.

இந்தக் கேமின் நாயகிக்கு அவள் கொடுத்தது சொந்த அக்காவின் நடை. விபத்துக்குப் பிறகு அக்கா இடது காலை இழுத்துத்தான் நடக்கிறாள். அவளை வராந்தாவில் நடக்கவிட்டு, பார்த்துப் பார்த்து வரைந்தாள். அக்கா சொன்னது ஒன்றுதான்: "என் கால் எப்படி இருக்கோ அப்படியே போடு. பொய்யா மட்டும் போட்டுடாத."

அந்த அக்கா இன்று மதியம் விளையாடிப் பார்க்க வருகிறாள். காலையில்தான் ரப்பர் நாயகியைத் திரையில் இடப்பக்கம் நடக்கவிட்டாள். உடனே நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுப் பார்த்தாள். வலப்பக்க நடையை மட்டும் வரைந்து கொடுப்பதுதான் வழக்கம். இடப்பக்கத்துக்கு அதே படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் புரோகிராமர் திருப்பிவிடுவார். திருப்பியதில் இழுக்கும் கால் வலதாகிவிட்டது. வரைந்தவளுக்கே இது தோன்றவில்லை.

"யாருங்க இதையெல்லாம் கவனிக்கப் போறாங்க?" என்றார் புரோகிராமர்.

"அக்கா கவனிப்பா."

இடப்பக்க நடை முழுவதையும் புதிதாக வரைய உட்கார்ந்தாள். அவசரத்தில் பாதம் பெரிதானது, அழித்தாள். மை காயும் முன்னே கை பட்டு ஒரு தாள் பாழானது. தன்மேலேயே எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வேறு தாள் எடுத்தாள்.

பாதிகூட முடியவில்லை, அக்கா சீக்கிரமே வந்துவிட்டாள். நல்லது செய்வதாக நினைத்து புரோகிராமர் அவளை இன்னும் திருத்தாத கேமின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். ரப்பர் மை படிந்த கையோடு ஓடினாள்.

நாயகி இடப்பக்கம் நடந்துகொண்டிருந்தாள். அக்காவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இந்தப் பக்கம் போனா இடது காலை நல்லா ஊணி நடக்குறா."

"தப்பு நடந்துபோச்சுக்கா. மாத்திக்கிட்டுதான் இருக்கேன்."

"மாத்திடு. இது நான் இல்ல."

தங்கை அக்காவின் கையிலிருந்த கன்ட்ரோலரை வாங்கக் கை நீட்டினாள். அக்கா கொடுக்கவில்லை.

"இருடி. இன்னும் கொஞ்சம் நடந்துக்கிறேன்."