அப்பாவோட வேலைச் சட்டை

மலேசியாவுல கிள்ளான் பக்கம் ஒரு கிளினிக்ல பிள்ளைகளுக்கு ஊசி குத்துற நர்ஸ் நான், இங்க எல்லாருக்கும் மிஸ்ஸி. இந்த வேலையில பிள்ளைங்க அழுகை பழகிப் போயிரும், பெரியவங்க பேச்சுத்தான் கடைசி வரைக்கும் பழகாது. நீங்களும் தினம் நாலு பேருக்குப் பதில் சொல்ற ஆளா இருந்தா, என் வயித்தெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

வாசம் போயிருதாம்

தர்ஷினிக்கு மூணு வயசு. அடிக்கடி வயித்து வலி, சாப்பாடு இறங்கல, மூஞ்சி வெளுத்துக் கிடந்துச்சு. ரெண்டு மூணு வார்த்தை சேர்த்துப் பேசின பிள்ளை, இப்போ ஒண்ணோட நிறுத்திக்கிச்சுன்னு அம்மா கௌரி சொன்னாங்க. அப்பாவுக்கு என்ன வேலைன்னு டாக்டர் கேட்டார். பழைய கார் பேட்டரிய உடைச்சு, உள்ள இருக்கிற ஈயத்தை உருக்குற ஃபாக்டரின்னாங்க. டாக்டர் உடனே ஈயத்துக்கு ரத்தம் எடுக்கச் சொல்லிட்டார்.

ஊசியப் பார்த்ததும் பிள்ளை கத்துன கத்துல ஜன்னலே அதிர்ந்துச்சு. கௌரி பையிலேர்ந்து ஒரு நீலச் சட்டைய எடுத்துப் போர்த்தினாங்க. அவ்வளவுதான், காலரை வாயில வச்சுச் சப்பிக்கிட்டுப் பிள்ளை அடங்கிருச்சு. சட்டையத் தொட்ட என் கையுறையில சாம்பல் கலர்ல மாவு மாதிரி தூசி. இது யார் சட்டைன்னு கேட்டேன்.

"அவங்க அப்பா வேலைக்குப் போடுற சட்டையில ஒண்ணு மிஸ்ஸி. அவரு நைட் ஷிஃப்ட் போனா இது இல்லாம தூங்க மாட்டா. தொவைச்சுக் குடுத்தா வேணாங்கிறா, அப்பா வாசம் போயிருதாம்."

ஆஃபீஸ்காரங்களுக்கு மட்டும்

ரிசல்ட் வந்துச்சு. பிள்ளை ரத்தத்துல ஈயம் ஏறிக் கிடக்கு. ஈயம் சின்னப் பிள்ளைங்க மூளையத்தான் முதல்ல பிடிக்கும், இனிமே உள்ள போறதைத் தடுத்தே ஆகணும், ஏற்கனவே கெட்டது முழுசாத் திரும்பும்னு சொல்ல முடியாதுன்னார் டாக்டர். அப்பா சரவணன் நாற்காலி நுனியில உட்கார்ந்து கேட்டுக்கிட்டு இருந்தார். "அப்ப நானா என் பிள்ளைக்கு விஷம் குடுத்தேன்?"ன்னு கேட்டார்.

"நீங்க இல்லண்ணே. குளிச்சு உடுப்பு மாத்தி வீட்டுக்குப் போக உங்களுக்கு வசதி பண்ணித் தராதவன்தான் குடுத்தான். அங்க ஒரு பாத்ரூம் கூடவா இல்ல?"ன்னேன்.

"இருக்கு மிஸ்ஸி. ஆஃபீஸ்காரங்களுக்கு மட்டும்."

தண்ணீர்ப் பந்தல்

டாக்டர் மேலிடத்துக்கு எழுதிப் போட்டார். விசாரிக்க வந்த ஆபீசருக்குத் தமிழ் தெரியாது, தொழிலாளிங்ககிட்ட பேச என்னையும் கூட்டிக்கிட்டுப் போனார். ஈயம் உருக்குற கொட்டகைக்குள்ள நின்ன கொஞ்ச நேரத்துலயே தொண்டை கரகரன்னுச்சு. தொழிலாளிங்க பக்கம் பாத்ரூமும் இல்ல, பைப்பும் இல்ல.

பாஸ் நம்ம ஆளுதான். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். ஏர்கான் ரூம், சந்தன வாசம், சுவரு பூரா போட்டோ. தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் பத்துமலை முருகன் கோயில்ல தண்ணீர்ப் பந்தல் போடுறாராம். மாலையும் கழுத்துமா நின்னு, வர்றவங்களுக்கு எல்லாம் மோர் குடுக்கிறார். அத்தனை பேருக்குத் தண்ணி குடுக்கிற புண்ணியவானுக்கு, தன்கிட்ட வேலை செய்றவன் குளிக்க ஒரு வாளித் தண்ணி குடுக்க மனசு வரல. சரவணன் பிள்ளையப் பத்திச் சொன்னேன். கேட்டுட்டுச் சிரிச்சார்.

"அவனுக்கு மாஸ்க் குடுத்திருக்கேன்லா மிஸ்ஸி. பிள்ளைக்கும் நானா குடுக்கணும்?"

அறையலாம்னு கை துறுதுறுன்னுச்சு. ஆபீசர் என் மூஞ்சியப் பார்த்துட்டு, தொழிலாளிங்களுக்குப் பாத்ரூம் கட்டணும்ங்கிற நோட்டீசை அவசர அவசரமா எடுத்து நீட்டினார். பாஸ் அவகாசம் கேட்டார். குடுத்தாங்க! வெளிய வந்ததும் ஆபீசர் என்னைச் சமாதானப்படுத்தினார், மலாய்லதான்.

"பொறுமையா இருங்க மிஸ்ஸி, எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்ல."

புதுச் சட்டை

முறை வர்ற வரைக்கும் பிள்ளை மூளை காத்துக்கிட்டு இருக்குமா? கௌரி தானே ஒரு ஏற்பாடு பண்ணிட்டாங்க. சரவணன் வந்ததும் வீட்டுக்குப் பின்னால குழாயடியில குளிச்சுட்டுத்தான் உள்ள வரணும். வேலைச் சட்டை தனி வாளியில. ஒரு நாள் சாயங்காலம் வீட்டைப் பார்க்கப் போயிருந்தேன். சரவணன் சோப்புப் போட்டுத் தேய்தேய்னு தேய்க்கிறார், பிள்ளை பின்வாசல் கிரில் கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கதறுது. அவரு திரும்பிக்கூடப் பார்க்கல. பார்த்தா ஓடி வந்து தூக்கிருவேன்னார்.

ராத்திரித் தூக்கத்துக்கு, குளிச்சுட்டு அவரு போட்டிருந்த சுத்தமான டீ-சட்டைய என் கண் முன்னாலயே குடுத்துப் பார்த்தாங்க. பிள்ளை மோந்து பார்த்துட்டுத் தூக்கி எறிஞ்சுச்சு. ரொம்ப நாள் கழிச்சு மூணு வார்த்தை சேர்த்துப் பேசினதுக்குச் சந்தோஷப்படுறதா அழுறதான்னு கௌரிக்குத் தெரியல, எனக்கும்தான் தெரியல.

"இது அப்பா இல்ல."

நல்ல பாஸ்

சில மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் எடுத்தோம். ஈயம் நல்லாக் குறைஞ்சிருந்துச்சு. பேச்சு மட்டும் இன்னும் வயசுக்குப் பின்னாலதான். சரவணன் இப்போ பெட்டாலிங் ஜெயாவுல லோரி ஓட்டுறார். பாத்ரூம் என்ன ஆச்சுன்னு ஃபாக்டரியில அவரு கேட்டதுக்கு, நாளையிலேர்ந்து வராதேன்னுட்டாங்களாம். பாத்ரூம் இன்னும் கட்டல. அவகாசம் இன்னும் முடியலையாம், என்ன அவகாசமோ!

அன்னைக்கே அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். தடுப்பூசிக்கு வந்த சின்ன வயசு அம்மா. கைக்குழந்தைய மேசையில கிடத்தறதுக்கு முன்னால, அடியில ஒரு நீலச் சட்டைய விரிச்சாங்க. அதே நீலம், அதே சாம்பல் தூசி. வீட்டுக்காரர் எங்க வேலை செய்றார்னு கேட்டேன்.

"பேட்டரி ஃபாக்டரியில மிஸ்ஸி. யாரோ ஒருத்தர் வேலைய விட்டு நின்னுட்டாராம், முருகன் புண்ணியத்துல இவருக்குக் கிடைச்சிருச்சு. பாஸ் ரொம்ப நல்லவராம், பத்துமலையில தண்ணீர்ப் பந்தல் எல்லாம் போடுறாராம்."

இத்தனை வருஷமா எத்தனையோ பிஞ்சுக் கையில ஊசி குத்திட்டேன், குத்த வேண்டிய ஆளு மட்டும் இன்னும் என் நாற்காலியில வந்து உட்காரவே இல்ல.