கையுறையோடு காத்திருந்தவர்

டாக்டர் என்னை மைதானத்தில் நடக்கச் சொன்னார். நான் உட்கார்ந்து கால்பந்து பார்த்தேன். அமெச்சூர் கிளப்புகளின் தேசியப் போட்டியில் அன்று இறுதி ஆட்டம். எங்கள் மதுரை அணி ஒரு கோல் முன்னால் இருந்தது.

வேலிக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் எங்கள் அணியின் மாற்று கோல்கீப்பர். நரைத்த மீசை. சின்ன கிளப் என்பதால், அடிபட்டவர்களுக்குத் தைலம் தேய்ப்பதும் அவர் வேலைதான். மற்ற நேரமெல்லாம் கையுறையோடு இருந்தார். டீ குடித்ததும் கையுறையோடுதான்.

“கழட்டி வைக்கலாம்ல?” என்றேன்.

“எப்பக் கூப்பிடுவாய்ங்கன்னு தெரியாதுண்ணே. அடுத்த வருசம் நம்மள எடுக்க மாட்டாய்ங்க. ஒருக்கா இறங்கிட்டாப் போதும்.”

ஆட்டம் முடியும் நேரத்தில் எங்கள் கோல்கீப்பர் காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். இவர் தைலத்தோடு ஓடினார். முடியாது என்று கையைக் காட்டியிருந்தால் ஆளை மாற்றி இவரை இறக்கியிருப்பார்கள். இவரோ கையுறையைக் கழற்றி வீசிவிட்டு அவன் காலை நீவினார்.

“எந்திரி மாப்ள, வெறும் பிடிப்புதான்!”

அவன் எழுந்தான். கடைசிப் பந்தைப் பாய்ந்து தடுத்தான். ஜெயித்தோம்.

“நீங்க இறங்கியிருக்கலாம்ல?” என்றேன்.

“நான் நின்னிருந்தா அந்தப் பந்து உள்ள போயிருக்கும்ணே.”

கையுறையைத் தேடி எடுத்து, மண்ணைத் தட்டி, மறுபடி மாட்டிக்கொண்டார். ஆட்டம்தான் முடிந்துவிட்டதே என்று சொல்ல வாயெடுத்தேன். மனசு வரவில்லை.